வங்கக் கடலின் நன்னீர்க் கணக்கில் எல் நினோவையும் இருமுனையையும் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எல் நினோ (பசிபிக்கின் நிலநடுக்கோட்டு நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) குறியீட்டை இறக்குகிறார்கள். வங்கக் கடலின் உப்புத்தன்மையை இறக்குகிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண், போடுகிறார்கள். எண் ஒன்று வந்ததும் "மழை குறைந்தது, அதனால் உப்பு கூடியது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வாக்கியம் பல நேரம் தப்பு. கடலில் ஓர் இடத்தின் உப்பைத் தீர்மானிப்பதில் அங்கே பெய்த மழையைவிட, வேறெங்கோ சேர்ந்த நன்னீரை நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளியது என்பதே வங்கக் கடலில் முக்கியம். எல் நினோ, இந்தியப் பெருங்கடல் இருமுனை (அந்தக் கடலின் கிழக்கும் மேற்கும் மாறி மாறிச் சூடாவதும் குளிர்வதும்) போன்ற வெப்பமண்டலச் சுழற்சிகள் கை வைப்பதும் அந்த நீரோட்டத்தில்தான்.

எனவே இந்த வழிகாட்டியில் குறியீடு கடைசிக்குச் சற்று முன்புதான் வரும். வரிசையை மாற்றாமல் போனால் பாதிக் குழப்பம் வராது.

## 1. கேள்வியை ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடுங்கள்

"வங்கக் கடலில் எல் நினோவின் தாக்கம்" என்பது தலைப்பாக இருக்கலாம், கேள்வியாக இருக்க முடியாது. வட பகுதியில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி நீர் வந்து கொட்டுகிறது. தென்பகுதியில் தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடலின் உப்பு நீர் நுழைகிறது. மொத்தக் கடலுக்கும் ஒரு சராசரி போட்டால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஓர் எடுத்துக்காட்டையே பின்தொடரும். தென்மேற்குப் பருவம் முடிந்ததும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒடிசாவிலிருந்து ஆந்திரா வழியாகத் தமிழ்நாடு நோக்கி 100 முதல் 200 கிலோமீட்டர் அகலத்தில் கரையை ஒட்டி இறங்கும் நன்னீர்ப் பட்டை அது. அதைச் சுமந்து வருவது இந்தியக் கிழக்குக் கரை நீரோட்டம். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே போகும் அதே ஓட்டம் அக்டோபருக்குள் தெற்கே திரும்பிவிடும். மீனவர்கள் நீவாடு என்று சொல்வதைத்தான் நாம் இங்கே அளக்கப்போகிறோம்.

ஓர் இடம், ஒரு பருவம், ஒரு சுழற்சி. இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

## 2. கோப்பைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

மேல் அடுக்கின் உப்பு மாற நான்கே வழிகள்தான். ஆவியாதல் நீரை எடுத்து உப்பைக் கூட்டும். மழையும் ஆறும் நீரைச் சேர்த்து உப்பைக் குறைக்கும். நீரோட்டம் பக்கத்திலிருந்து கொண்டுவரும். கீழிருந்து உப்பு நீர் கலந்து மேலே ஏறும்.

முதல் இரண்டுக்கும் எளிய சூத்திரம் உண்டு: நிகர நன்னீரின் உயரத்தை அடுக்கின் தடிமனால் வகுத்து, உப்புத்தன்மையால் பெருக்குங்கள். உப்புத்தன்மை 33 (ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 33 கிராம் உப்பு), அடுக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் ஆவியாதலைக் கழித்து 300 மில்லிமீட்டர் மழை மிஞ்சினால் உப்பு சுமார் 0.5 அலகு குறையும். அது பெருமழை மாதம். சாதாரணமாக 100 மில்லிமீட்டர் மிஞ்சினால் 0.165தான்.

இப்போது நீரோட்டத்துக்கு வாருங்கள். வேகம் நொடிக்கு 0.3 மீட்டர், இந்தக் கரைக்கு அது பெரிய வேகமே இல்லை. நாளைக்கு 26 கிலோமீட்டர் ஆகிறது. 500 கிலோமீட்டருக்கு 2 அலகு உப்பு வேறுபாடு இருந்தால், பத்தே நாளில் ஓரிடத்தின் உப்பு 1 அலகு மாறிவிடும். ஒரு மாதப் பெருமழை செய்வதைப் போல் இரு மடங்கை மிதமான ஓட்டம் பத்து நாளில் செய்துவிடுகிறது.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் கையால் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கணினி எதைத் தந்தாலும் நம்பிவிடும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து. பிறகு மழை மட்டும் 2 அலகு மாற்றியதாக நிரல் சொன்னால், நிரலில்தான் பிழை என்று உடனே தெரியும்.

## 3. தரவு: எது எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டு எடுங்கள்

வேண்டியவை: ஆர்கோ மிதவைகளின் உப்பு, வெப்பநிலை, செயற்கைக்கோளின் மேற்பரப்பு உப்பு, மழை, ஆவியாதல், மேற்பரப்பு நீரோட்டம், கடல்மட்ட உயரம், கடைசியாகக் குறியீடுகள். மென்பொருளுக்குப் பைத்தானும், கடல்நீரின் இயற்பியலைக் கணக்கிடும் ஜிஎஸ்டபிள்யூ நூலகமும் போதும்.

ஆர்கோ. மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, சுமார் பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்தபடியே மேலே வருகிறது. இந்தியப் பெருங்கடல் தரவை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) தருகிறது. கவனிக்க வேண்டியது, மிதவை கரையோரத்தின் ஆழம் குறைந்த கண்டத்திட்டுக்குள் வருவது அரிது. நாம் தேடும் பட்டையின் நடுவில் ஆர்கோ கிட்டத்தட்ட இருக்காது. மேலும், பெரும்பாலான மிதவைகள் மேலே வரும்போது கடைசி ஐந்து மீட்டர் வாக்கில் அளவை நிறுத்திவிடும்.

செயற்கைக்கோள். ஸ்மாஸ் 2010 முதலும், ஸ்மாப் 2015 முதலும் தரவு தருகின்றன. இடையில் 2011 முதல் 2015 வரை அக்வேரியஸ் இருந்தது. இவை பார்ப்பது மேலே உள்ள ஓரிரு சென்டிமீட்டர் தோலை மட்டுமே. கரை அருகே நிலத்தின் கதிர்வீச்சு கலந்து அளவு கெடும். மழை பெய்த கையோடு பார்த்தால் செயற்கைக்கோளும் மிதவையும் வேறு வேறு எண் சொல்லும். இரண்டும் சரிதான், அளந்த ஆழம்தான் வேறு.

இந்தக் கரையோர இடைவெளியை நிரப்பிய ஒரு முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. கிழக்குக் கரை மீனவர்கள் எடுத்துத் தந்த நீர் மாதிரிகளை வைத்து, கடலுக்குள் ஓர் ஆறு போல இந்த நன்னீர்ப் பட்டை ஓடுவதை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உங்களுக்கு ஒரு மீனவக் கிராமத்தோடு தொடர்பு இருந்தால், வாரம் ஒரு பாட்டில் நீர் எவ்வளவு மதிப்புள்ளது என்று யோசியுங்கள்.

ஆறு. புதியவர்கள் விழும் பெரிய பள்ளம் இது. இணையத்தில் எளிதாகக் கிடைப்பது பல ஆண்டுச் சராசரி ஆற்று வரத்து. எல்லா ஆண்டுக்கும் அதே எண்ணைப் போட்டுவிட்டு, "ஆற்றுக்கும் எல் நினோவுக்கும் தொடர்பில்லை" என்று முடிவு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சராசரியில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றமே கிடையாது, அப்புறம் தொடர்பு எங்கிருந்து வரும்?

ஆவியாதல். ஈஆர்ஏ5 (ஐரோப்பிய வானிலை மையத்தின் மறுபகுப்பாய்வுத் தரவு) எடுத்தால் கூட்டல்–கழித்தல் குறியைப் பாருங்கள். அதில் கீழ்நோக்கிய ஓட்டமே கூட்டல். ஆகவே ஆவியாதல் கழித்தல் எண்ணாக வரும். அலகு மீட்டரில் இருக்கும், மழைத் தரவோ மில்லிமீட்டரில். இரண்டையும் அப்படியே கழித்தால் கடல் ஆவியாகவே இல்லை என்பது போன்ற படம் கிடைக்கும்.

## 4. உப்பின் அலகையும் தரக்குறியையும் சரிபாருங்கள்

உப்புத்தன்மையில் இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. மின்கடத்தலிலிருந்து வரும் பழைய நடைமுறை அளவு ஒன்று. கிலோவுக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் தனி அளவு மற்றொன்று. நடைமுறை அளவில் 33 என்பது தனி அளவில் சுமார் 33.16. வேறுபாடு சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் படியில் 100 மில்லிமீட்டர் மழைக்கு வந்த மாற்றம் 0.165. அதாவது, ஒரு கோப்பு பழைய அளவிலும் மற்றது புதிய அளவிலும் இருந்தால், பெய்யாத மழை உங்கள் வரைபடத்தில் பெய்துவிடும்.

ஆர்கோவில் திருத்தப்பட்ட மாறிகளையே எடுங்கள். தரக்குறி 1, 2 மட்டும் போதும். உடனடித் தரவைவிட, நிபுணர் சரிபார்த்த தாமதத் தரவு நல்லது. உணரிகள் நாளடைவில் விலகிப் போகும். அந்த விலகல் மெதுவாக ஏறுவதால், பார்ப்பதற்கு அசல் காலநிலை மாற்றம் போலவே இருக்கும்.

## 5. பருவத்தை முதலில் கழியுங்கள்

வட வங்கக் கடலில் ஓர் ஆண்டுக்குள் மேற்பரப்பு உப்பு பல அலகுகள் ஏறி இறங்கும். நாம் தேடும் ஆண்டுக்காண்டு மாற்றம் அதைவிடச் சிறியது. எனவே ஒவ்வொரு மாதத்துக்கும் அதே மாதத்தின் பல ஆண்டுச் சராசரியைக் கழிக்க வேண்டும். முழு ஆண்டுச் சராசரியைக் கழித்தால் பருவம் அப்படியே மிஞ்சும். அப்புறம் எந்தக் குறியீட்டோடும் போலி ஒட்டுறவு கிடைக்கும்.

அடிப்படைக் காலம் எவ்வளவு? ஸ்மாப் மட்டும் வைத்தால் தொடக்கமே 2015-16இன் பெரிய எல் நினோவில். சில ஆண்டுகளை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், அந்த நிகழ்வுகளே "இயல்பு" ஆகிவிடும். ஆர்கோ கட்டத் தரவிலிருந்து 2005க்குப் பிந்தைய நீண்ட சராசரியை எடுத்து, செயற்கைக்கோளை அதோடு ஒப்பிட்டு நகர்த்துவது என் வழக்கம்.

## 6. அடுக்கின் தடிமனை அடர்த்தியால் அளவிடுங்கள்

இரண்டாம் படியில் 20 மீட்டர் என்று கையால் வைத்தோம். இப்போது உண்மை எண் வேண்டும். பலர் வெப்பநிலை மாறும் ஆழத்தையே கலப்பு அடுக்கின் (காற்று கலக்கி ஒரே சீராக வைக்கும் மேல் நீரின்) அடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல கடல்களில் அது ஓரளவு சரி. வங்கக் கடலில் சரியில்லை.

காரணம் இதுதான். மேலே மெல்லிய நன்னீர். அதன் கீழே உப்பு கூடிய, ஆனால் கிட்டத்தட்ட அதே வெப்பம் கொண்ட நீர். வெப்பநிலை 50 மீட்டர் வரை ஒரே சீராக இருக்கும். அடர்த்தியோ 15 மீட்டரிலேயே மாறிவிடும். நடுவில் உள்ள பகுதியைத் தடுப்பு அடுக்கு என்கிறோம். காற்று கலக்க முயன்றாலும் கீழிருக்கும் குளிர்நீரை அது மேலே விடாது. புயல்கள் போன தடத்தில் இந்தக் கடல் பல சமயம் அவ்வளவாகக் குளிராததற்கு இது ஒரு காரணம்.

கணக்கில் விளைவு நேரடியானது. 15க்குப் பதில் 50 மீட்டர் போட்டால் மழையின் தாக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். எனவே அடர்த்தி வரம்பைப் பயன்படுத்துங்கள், கனமீட்டருக்கு 0.03 கிலோ என்பது பரவலாக ஏற்கப்பட்டது. ஒப்பிடும் ஆழமாகப் பலர் எடுக்கும் 10 மீட்டர், நன்னீர் மிக மெல்லியதாக உள்ள மாதங்களில் ஏற்கெனவே அடுக்குக்குக் கீழே இருக்கக்கூடும். அங்கே 5 மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இதே இடத்தில் இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வெப்பத்தில் உப்பு 1 அலகு குறைவது, அடர்த்தியைப் பொறுத்தவரை நீர் 2 டிகிரிக்கும் சற்று அதிகமாகச் சூடாவதற்குச் சமம். 50 மீட்டர் முழுவதும் 1 அலகு குறைந்தால் கடல்மட்டம் சுமார் 4 சென்டிமீட்டர் உயரும். அடுத்த படிக்கு இது வேண்டும்.

## 7. அலையைப் பின்தொடருங்கள்

இருமுனையின் நேர்மறைக் கட்டத்தில் சுமத்ரா பக்கம் கடல் குளிர்கிறது, ஆப்பிரிக்கா பக்கம் சூடாகிறது. நிலநடுக்கோட்டில் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வழக்கத்தைவிட வலுக்கிறது. அந்தக் காற்று நீரை மேற்கே இழுப்பதால், கடல்மட்டத் தாழ்வு ஒன்று கெல்வின் அலையாக (நிலநடுக்கோட்டையோ கரையையோ ஒட்டியே ஓடும் நீள அலையாக) நிலநடுக்கோட்டு வழியே கிழக்கே ஓடுகிறது. நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர் வேகத்தில் 4,400 கிலோமீட்டரை இருபது நாளில் கடக்கும். சுமத்ராவில் முட்டியதும் அதில் ஒரு பகுதி வடக்கே திரும்பி, அந்தமான் கடல், மியான்மர், வங்கதேசம், ஒடிசா என்று கரையைத் தொட்டபடியே கடலைச் சுற்றி வந்து நம் பக்கம் இறங்கும்.

கரையில் மட்டம் தாழ்வு, நடுக்கடலில் உயர்வு. வட அரைக்கோளத்தில் ஓட்டம் உயரத்தை வலக்கையில் வைத்துக்கொண்டு போகும். நம் கரையில் உயரம் கிழக்கே இருப்பதால் கூடுதல் ஓட்டம் வடக்கு நோக்கி. அக்டோபரில் தெற்கே போக வேண்டிய நீரோட்டத்துக்கு எதிர்விசை. ஆகவே நன்னீர் வடக்கேயே தேங்கும், பட்டை தெற்கே நீளாது. எதிர்மறைக் கட்டத்தில் எல்லாம் தலைகீழ்.

இங்கே ஆறாம் படியின் எண் வேலை செய்கிறது. நன்னீர் கரையோரம் குவிந்தால் கரை மட்டமே சில சென்டிமீட்டர் உயரும். உயரம் மேற்கே வந்தால் ஓட்டம் தெற்கே வலுக்கும். ஆக, நன்னீர் தன்னைச் சுமக்கும் ஓட்டத்துக்குத் தானே கொஞ்சம் கை கொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

செய்ய வேண்டியது: நிலநடுக்கோடு, சுமத்ரா, வளைகுடாவின் விளிம்பு, சென்னை என்று ஒரே பாதையை வெட்டி, குறுக்கே தூரம், நெடுக்கே காலம் வைத்துக் கடல்மட்ட விலகலை வரையுங்கள். சாய்ந்த கோடுகள் தெரிந்தால் அதுதான் அலை. தெரியாவிட்டால் மாதச் சராசரியைப் போட்டிருப்பீர்கள். இருபது நாளில் கடலைக் கடக்கும் ஒன்று மாதச் சராசரியில் கரைந்துபோகும். வாரத் தரவுக்கு மாறுங்கள்.

ஆஸ்கார் போன்ற நீரோட்டத் தரவு மேல் 30 மீட்டரின் சராசரி. நன்னீர் 10 மீட்டரில் ஓடும்போது உண்மை வேகம் அதைவிட அதிகமாக இருக்கலாம்.

பட்டை தெற்கே வந்த பிறகு எங்கே போகிறது? பாக் நீரிணை மிக ஆழம் குறைந்தது, பெரும்பகுதி அதன் வழியே போக முடியாது. இலங்கையின் கிழக்குக் கரையைத் தழுவி, தேவேந்திரமுனையைச் சுற்றி, குளிர்காலப் பருவ ஓட்டத்தோடு தென்கிழக்கு அரபிக் கடலுக்குள் நுழைகிறது. உங்கள் கட்டத்தைச் சென்னையோடு முடித்தால் கணக்கின் செலவுப் பக்கம் விட்டுப்போகும்.

## 8. இப்போது குறியீட்டை எடுங்கள்

எல் நினோவுக்கு, பசிபிக்கில் 5 பாகை வடக்கு முதல் 5 பாகை தெற்கு, 170 முதல் 120 பாகை மேற்கு வரையான வெப்ப விலகலின் மூன்று மாத ஓடும் சராசரி. இருமுனைக்கு, மேற்கே 50–70 பாகை, கிழக்கே 90–110 பாகை என்ற இரு பெட்டிகளின் வெப்ப விலகல் வேறுபாடு.

இருமுனை பெரும்பாலும் செப்டம்பர்–நவம்பரில் உச்சம் தொடும். எல் நினோ ஆண்டின் இறுதியில். நம் பட்டையின் காலம் அக்டோபர்–டிசம்பர். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகப் போட்டு ஒட்டுறவு எடுத்தால், வேலையே நடக்காத ஒன்பது மாதங்கள் விடையை நீர்த்துப்போகச் செய்யும்.

1997, 2015, 2023 ஆகியவற்றில் எல் நினோவும் நேர்மறை இருமுனையும் சேர்ந்தே வந்தன. அப்படிப்பட்ட ஆண்டுகளை வைத்து ஒன்றின் பங்கைத் தனியாகச் சொல்ல முடியாது. 2019 வேறு மாதிரி: இருமுனை மிக வலு, பசிபிக் ஏறக்குறைய அமைதி. பிரித்துப் பார்க்க அந்த ஆண்டு தங்கம்.

இன்னொன்று, 240 மாதத் தரவு என்பது 240 தனித் தரவு அல்ல. நடந்தது ஏழெட்டு நிகழ்வுகள். நம்பக எல்லையை (விடையை எவ்வளவு நம்பலாம் என்ற வரம்பை) அந்த ஏழெட்டுக்குப் போடுங்கள்.

## 9. இரண்டு ஆண்டுகளை அருகருகே வையுங்கள்

ஒட்டுறவுக்குப் பின் கட்டாயம் இதைச் செய்யுங்கள். இருமுனை 2016இல் எதிர்மறை, 2019இல் நேர்மறை. இரண்டும் ஸ்மாப் காலத்துக்குள் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரவாரியாக உப்பையும் கடல்மட்டத்தையும் ஒரே தாளில் வரையுங்கள்.

2016ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட சுமார் 62 விழுக்காடு குறைந்தது. மழையை மட்டும் நம்புபவர் கடல் உப்பாக இருக்கும் என்பார். எதிர்மறை இருமுனையோ தெற்கு நோக்கிய ஓட்டத்தை வலுப்படுத்தும் பக்கம் இருந்தது. இரு விளக்கங்களும் எதிரெதிராகப் பிரியும் ஆண்டு என்பதால் சோதனைக்கு இதைவிட நல்லது கிடைக்காது.

2015ஐ முதலில் தொடாதீர்கள். சென்னையை மூழ்கடித்த மழையும் எல் நினோவும் இருமுனையும் ஒரே சமயம் வந்தன. கரையோர மழை உப்பை ஒரு பக்கம் இழுக்க, தளர்ந்த ஓட்டம் மறுபக்கம் இழுத்தது. கை பழகிய பின் எடுக்க வேண்டிய ஆண்டு அது.

முறை சரியா என்று வேறு கடலிலும் பார்க்க விரும்பினால் 2010-11 லா நினாவை (எல் நினோவின் எதிர்க்கட்டத்தை) எடுங்கள். இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா பக்கம் பெய்த பெருமழையின் நன்னீர் தென்கிழக்கு இந்தியப் பெருங்கடலில் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் தெற்கே ஓடும் லூவின் நீரோட்டம் வலுத்து, 2011 தொடக்கத்தில் அங்கே கடல் வெப்ப அலை வந்தது. நிலத்தில் அவ்வளவு மழை தங்கியதால் உலகக் கடல்மட்டமே தற்காலிகமாக சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியது. கரையோரத் தரவுச் சிக்கல் இங்கே குறைவு. ஏழாம் படியை இங்கே செய்து பழகிவிட்டு வங்கக் கடலுக்குத் திரும்புபவர்களும் உண்டு.

## 10. மீதியை மறைக்காதீர்கள்

அளந்த உப்பு மாற்றத்திலிருந்து மழை–ஆவியாதல், ஆறு, நீரோட்டம் மூன்றையும் கழித்தால் ஒரு மீதி நிற்கும். அதைச் "செங்குத்துக் கலப்பு" என்று பெயரிட்டு மூடிவிடுவது மிக எளிது, மிகப் பரவலும்கூட. அந்த மீதிக்குள் கலப்பு இருக்கிறது. ஆற்றின் உண்மை வரத்தைச் சராசரியாக வைத்த பிழை இருக்கிறது. கரையோரம் அளக்காத இடைவெளி, சுழிப்புகள் கொண்டுபோனது எல்லாமே இருக்கின்றன.

மீதி எந்த மாதத்தில் பெருக்கிறது என்று பாருங்கள். ஆகஸ்ட்–செப்டம்பரில் என்றால் முதலில் ஆற்றைச் சந்தேகியுங்கள். நவம்பரில் கரைக்கட்டத்தில் மட்டும் என்றால் செயற்கைக்கோளின் நிலக் கலப்பை. மே மாதத்தில் புயலுக்குப் பின் என்றால் அது உண்மையான செங்குத்துக் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்; அந்த வாரத்து ஆர்கோ அளவைத் திறந்து தடுப்பு அடுக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மீதியின் எண்ணையும், மாதத்தையும், உங்கள் சந்தேகத்தையும் முடிவுப் படத்தின் கீழேயே எழுதிவையுங்கள்.